ஐம்பதை நெருங்கும்போது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு சிமெண்டு மேசை இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காருவோம். பெரும்பாலும் பெண்கள், 45இலிருந்து 65 வயது வரை. 2019இல் தானாகத் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது போனில் பேசிக்கொண்டோம், பிறகு மறுபடி மேசைக்கே வந்துவிட்டோம். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். மேசைக்கு வர முடியாதவர்களுக்காக அவற்றைப் பதிலோடு இங்கே தருகிறேன்.

பதில் சொல்ல நீங்கள் யார்?

எனக்கு வயது 56. மருத்துவர் இல்லை, ஆலோசகர் இல்லை. பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் 30 வருடம் வேலை செய்தவள். அப்பா அம்மா கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். படிப்பு எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு வரைதான். நான் சொல்வதெல்லாம் பட்டதும், பிறர் பட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்ததும்.

நாற்பத்தைந்து தாண்டியதிலிருந்து எதிலும் பிடிப்பில்லை அக்கா. வீடு இருக்கிறது, பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். ஆனாலும் மனசு வெறிச்சென்று கிடக்கிறது. இது ஒரு நோயா?

முதலில் உடம்பைப் பாருங்கள். இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மாதவிலக்கு நிற்பது பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையில். ஆனால் அதற்குச் சில வருடம் முன்பே தூக்கம் கெடும், திடீரென்று உடம்பு கொதிக்கும், காரணமில்லாமல் அழுகை வரும். தைராய்டு, இரத்தச்சோகை, சர்க்கரை எல்லாமே மனச்சோர்வு மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வரும். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, சர்க்கரை இருக்கிறது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டுக்குப் பார்க்கலாம். அரசாங்க உதவித்தொகை வாங்கும் குடும்பத்தில் 40 வயது ஆனவர்களுக்குப் 'பெக்கா பி40' திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. இதைச் செய்யாமல் நோக்கம், ஞானம் என்று பேச ஆரம்பிக்கக்கூடாது.

உடம்பு சரியாக இருந்தும், மனச்சோர்வு நோயும் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும் வெறுமை போகவில்லை என்றால் அது நோயில்லை, பருவம். எலியட் ஜாக்ஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1965இல் இதற்கு 'நடுவயது நெருக்கடி' என்று பெயர் வைத்தார். இனி இருக்கும் காலம் போன காலத்தைவிடக் குறைவு என்று மனசுக்குத் தெரியவரும்போது உண்டாகும் கலக்கம் அது. எரிக் எரிக்சன் என்ற உளவியல் அறிஞர் வேறு மாதிரி பார்த்தார். சுமார் 40 வயதிலிருந்து 65 வரை மனிதனுக்கு முன்னால் இரண்டு வழிதான் என்றார்: அடுத்த தலைமுறைக்கு எதையாவது வளர்த்துக் கொடுப்பது, இல்லையென்றால் தேங்கிப்போவது. எனக்கு எரிக்சன் சொன்னதுதான் பிடிபடுகிறது. மேசைக்கு வந்தவர்களில் தேங்கிக் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் கிடந்திருக்கிறேன்.

எல்லாரும் 'ஆன்ட்டி' என்று கூப்பிடுகிறார்கள். அந்தச் சொல் சுருக்கென்று தைக்கிறது. எங்கள் வயசுக்கு நல்ல பேரே இல்லையா?

பழைய தமிழில் பெண்ணின் வயதுக்கு ஏழு பெயர் சொல்லியிருக்கிறார்கள்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பேதைக்கு 5 முதல் 7 வயது. கடைசியாக வரும் பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. அதோடு பட்டியல் முடிந்துவிட்டது. ராஜா உலா வரும்போது வீதியில் நின்று மயங்கும் பெண்களுக்காகப் போட்ட கணக்கு அது. நாற்பதுக்கு மேற்பட்டவளைப் பற்றி அந்தக் கணக்குக்கு அக்கறை இல்லை.

இதை முதன்முதலில் தெரிந்துகொண்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போது இல்லை. பெயர் வைக்காத இடத்தில் யாரும் எல்லைக்கல் நட்டு வைக்கவில்லை. 41இலிருந்து நீங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தவர் எவருமில்லை. ஆன்ட்டி என்று கூப்பிட்டால் கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், திரும்பிப் பாருங்கள். கூப்பிடுகிற பிள்ளைக்கு ஏதோ வேண்டியிருக்கிறது.

வேலை போய்விட்டது. இத்தனை வருஷம் நான் யாராக இருந்தேனோ அவள் இப்போது இல்லை. எப்படித் தாங்குவது?

இதற்கு என் கதையைத்தான் சொல்ல முடியும்.

1988இல் எஸ்.பி.எம். முடித்த கையோடு கம்பெனியில் சேர்ந்தேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது. தோட்டத்திலிருந்தும் கிராமத்திலிருந்தும் என்னைப் போல ஆயிரக்கணக்கான பெண்கள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய காலம். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, சிப்புக்கும் அதன் சட்டத்துக்கும் தங்கக் கம்பி இணைக்கும் வேலை. தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்குதான் அந்தக் கம்பி இருக்கும். மூச்சை அடக்கித்தான் பார்ப்போம். பிறகு லைன் லீடர் ஆனேன். புதிதாக வரும் பெண்களுக்கு நான்தான் பழக்கிவிடுவேன்.

2018இல் வி.எஸ்.எஸ்., அதாவது சுயவிருப்பப் பணிவிலகல், கடிதம் கொடுத்தார்கள். பேருக்குத்தான் சுயவிருப்பம், பிரிவு முழுவதும் வேறு நாட்டுக்குப் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். கடைசி நாள் வாசலில் காவலாளி என் கழுத்து டேக்கை வாங்கி, என் கண்முன்னே கத்தரிக்கோலால் படத்தோடு இரண்டாக வெட்டினார். அவர் மீது தப்பில்லை, அது விதி. ஆனால் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மறு திங்கட்கிழமை விடியற்காலை 4.45க்கு, அலாரம் இல்லாமலே எழுந்து, குளித்து, தலை சீவி, கட்டிலில் உட்கார்ந்தேன். பஸ் வருகிற நேரம் வந்தது, போனது. விளக்கைப் போடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் எழுந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கோப்பி கலக்கிக் கொண்டுவந்து வைத்தார்.

மூன்று மாதம் இப்படியே போனது. பிறகு ஒருநாள் அவருடைய சர்க்கரைப் பரிசோதனைக்குக் கூட கிளினிக்குக்குப் போனேன். மருந்து கொடுக்கும் கவுண்டருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் ஒரு பாட்டி பிளாஸ்டிக் பொட்டலங்களை மடியில் கொட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றை என்னிடம் நீட்டி, "இது என்னாம்மா போட்டிருக்கு?" என்றார். பொட்டலத்தின் மேல் மலாயில் சின்ன எழுத்து: ஒரு மாத்திரை, நாளைக்கு இரண்டு முறை, சாப்பிட்ட பிறகு. படித்துச் சொன்னேன். "வீட்டுக்குப் போனா மறந்துடுவேனே" என்றார். கைப்பையில் ஒரு மார்க்கர் பேனா இருந்தது, கம்பெனியிலிருந்து வந்த பழக்கம். காலைக்கு ஒரு சூரியன், இரவுக்கு ஒரு பிறை, பக்கத்தில் எத்தனை மாத்திரையோ அத்தனை புள்ளி. சாப்பிட்ட பிறகு என்பதற்கு ஒரு தட்டு வரைந்தேன். ஐந்து பொட்டலம். அதைப் பார்த்துவிட்டு எதிர்வரிசையில் இருந்த இன்னொரு அம்மா எழுந்து வந்தார்.

அன்றைக்குக் கிளினிக்கை விட்டு வெளியே வந்தபோது நான் மூன்று மாதத்துக்கு முன்னால் இருந்த ஆளாக இருந்தேன். என்ன நடந்தது என்று பிறகு ரொம்ப நாள் யோசித்தேன். சின்ன எழுத்தைப் படிப்பது, தப்பு நடக்காமல் குறி போடுவது, பயப்படுகிறவளுக்குப் பக்குவமாகச் சொல்வது: 30 வருடம் லைனில் நான் செய்தது இதுதான். கம்பெனி டேக்கைத்தான் வெட்டியது. இந்தக் கைவேலை என்னிடமே இருந்தது. ஒருவர் கேட்கிற வரைக்கும் அது இருப்பது எனக்கே தெரியவில்லை.

அப்படியென்றால் வாழ்க்கையின் நோக்கத்தை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

கண்ணை மூடி உள்ளே தேடினால் கிடைக்கும் என்று பலரும் சொல்கிறார்கள். நான் தேடிப் பார்த்தேன், எனக்கு அங்கே கவலைதான் கிடைத்தது. நோக்கம் வெளியிலிருந்து, ஒருவர் வாயிலிருந்து, கேள்வியாக வருகிறது என்பது என் எண்ணம். ஆகவே கேட்கிறவர்கள் இருக்கும் இடத்தில் போய் உட்காருங்கள்.

மேசையில் நாங்கள் செய்யும் ஒரு பழக்கம் உண்டு. ஒரு மாதம் முழுக்க, யார் யார் நம்மிடம் என்ன கேட்டார்கள் என்று எழுதுவது. வக்கீல் ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருந்த ஒரு தங்கச்சியின் நோட்டில், "கார் கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கு?" என்று நாலு பேர் கேட்டது பதிவாகியிருந்தது. இப்போது அவர் கையெழுத்துப் போடும் முன் பத்திரத்தைப் படித்துக் காட்டுகிறார், காசு வாங்குவதில்லை.

ஆனால் இன்னொருவரின் நோட்டில் "சாப்பாடு என்ன?", "என் சட்டை எங்கே?" இவை மட்டும்தான் மாதம் முழுக்க இருந்தன. வாசிக்கும்போதே அழுதுவிட்டார். நாங்கள் யாரும் சமாதானம் சொல்லவில்லை, சொல்லத் தெரியவில்லை. அவரைக் கேட்பவர்கள் வீட்டு வாசலுக்கு வெளியே ஒருவர்கூட இல்லை என்பதைத்தான் அந்த நோட்டு காட்டியது. பிறகு ஒரு தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியையைப் பார்த்து, வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளோடு வாரம் இரண்டு மணி நேரம் உட்கார அனுமதி வாங்கினோம். 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்து இந்த ஊரில் தமிழ்க் கல்வி நடக்கிறது. இன்றைக்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எல்லாப் பள்ளியிலும் எழுத்துக்கூட்டத் திணறும் ஒரு பிள்ளை பின் பெஞ்சில் இருக்கும். அவருடைய நோட்டில் இப்போது "டீச்சர், 'ழ'வுக்கு நாக்கை எங்கே வைக்கணும்?" என்று இருக்கிறது.

பெண்களிடம் எல்லாரும் எப்போதும் ஏதாவது கேட்டுக்கொண்டேதானே இருக்கிறார்கள்? இன்னும் கேட்கிற இடத்துக்குப் போ என்கிறீர்களே?

நியாயமான கோபம். வேலை ஏவுவது வேறு, கேட்பது வேறு. ஏவுகிறவருக்கு நீங்கள் யார் என்பது பொருட்டில்லை, வேலை நடந்தால் போதும். கேட்கிறவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார், பதிலுக்குக் காத்திருப்பார். முதலாவதைக் குறைத்தால்தான் இரண்டாவதற்கு நேரம் கிடைக்கும். வளர்ந்த பிள்ளைகள் தங்கள் துணியைத் தாங்களே துவைக்கட்டும். இதைச் சொல்ல எனக்கு 50 வயது ஆக வேண்டியிருந்தது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

நான் மூன்றாம் படிவத்தோடு நின்றவள். அறிவு, ஞானம் என்றெல்லாம் பேச எனக்கு என்ன தகுதி?

திருக்குறளில் 42ஆம் அதிகாரம் 'கேள்வி'. அறிவுடைமை அதற்கு அடுத்த அதிகாரம், 43. அங்கே கேள்வி என்றால் வினா இல்லை, காதால் கேட்டுத் தெரிந்துகொள்வது. 414ஆம் குறளை மட்டும் பாருங்கள்:

கற்றில னாயினுங் கேட்க அஃதொருவற்கு
ஒற்கத்தின் ஊற்றாந் துணை.

படிக்காதவனாக இருந்தாலும் கேள், தளர்ச்சி வரும்போது அது ஊன்றுகோல் மாதிரி துணை நிற்கும் என்கிறார். 'ஊற்று' என்றால் இங்கே ஊன்றுகோல். தளர்வு வரப்போவது நம் வயதுக்குத்தான். அதற்கு அவர் காட்டும் கோலுக்குச் சான்றிதழ் தேவையில்லை, காது போதும். இந்தக் குறளை நான் பள்ளியில் படித்ததாக ஞாபகம் இல்லை. ஐம்பதுக்கு மேல் படித்தபோது இது எனக்கென்றே எழுதியது போல இருந்தது.

வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. வேலையும் இருக்கிறது. எனக்கு மூச்சு விடவே நேரமில்லை. நோக்கம் தேட எங்கே போவது?

போகாதீர்கள். தூங்குங்கள். உங்களைப் போன்றவர்களிடம் 'நீ செய்வது பெரிய புண்ணியம்' என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். அண்ணனோ தம்பியோ இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வரச் சொல்லுங்கள். கேட்டுப் பார்க்காமலே 'வரமாட்டான்' என்று முடிவு கட்டியிருப்போம். நேரத்தையும் வேலையையும் குறிப்பாகச் சொல்லிக் கேட்டால் வருகிறவர்கள் உண்டு.

என் அம்மா பக்கவாதம் வந்து இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார். காலையில் என்ன சாப்பிட்டார் என்பது மத்தியானம் நினைவிருக்காது. ஒரு ராத்திரி தூக்கத்தில் அவருடைய வலது கை போர்வைமேல் சரிவாக, மெதுவாக இழுத்து இழுத்துப் போவதைப் பார்த்தேன். கட்டை விரல் கத்திப் பிடியை அழுத்துகிற மாதிரி மடங்கியிருந்தது. பால் வெட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில், "எப்படிம்மா வெட்டணும்?" என்று கேட்டேன். 50 வயது வரை அதை நான் அவரிடம் கேட்டதே இல்லை. தோட்டத்தைவிட்டு ஓடுவதிலேயே குறியாக இருந்துவிட்டேன்.

அம்மா தெளிவாகச் சொன்னார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுபோகும், அதனால் இருட்டோடு போகணும். கத்தி இடது மேலிருந்து வலது கீழே சரியணும். பட்டையை மட்டும் மெல்லிசா சீவணும், மரத்தைத் தொட்டுட்டா புண்ணாயிடும், அந்த இடத்தில் அப்புறம் பட்டை சரியா வளராது. "எம் மரத்துல புண்ணே இருக்காது. கங்காணி வந்து தடவிப் பார்த்துட்டுப் போவான்" என்றார். சொல்லும்போது முகம் வேறு மாதிரி இருந்தது. படுக்கையில் கிடந்த நோயாளியாக நான் பார்த்துக்கொண்டிருந்தவர், தன் தொழிலில் கைதேர்ந்த ஒரு பெண்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கழுவிவிட்டு, கஞ்சி ஊட்டிவிட்டு, முடிந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அம்மாவுக்குத் தெரிந்த, உங்களுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி. முடியாத நாளில் வேண்டாம்.

பிள்ளைகள் நம் பேச்சைக் கேட்பதே இல்லை. அனுபவத்தில் சொல்கிறோம், எடுத்தெறிந்து பேசுகிறார்கள். என்ன செய்வது?

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் மகள் ஒருநாள் போன் செய்து, மேலதிகாரியோடு சண்டை என்று அழுதாள். அவள் முடிக்கும் முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன்: இப்படிப் பேசு, அப்படி எழுது, நான் லைன் லீடராக இருந்தபோது என்ன செய்தேன் தெரியுமா என்று. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "அம்மா, நான் உங்கிட்ட ஒண்ணும் கேட்கவே இல்லையே. சொல்லணும்னு தோணுச்சு, சொன்னேன்" என்றாள். இரண்டு மாதம் அவள் கூப்பிடவில்லை.

பெற்ற தாய்க்கு இந்த அடக்கம் கஷ்டம். இன்றைக்கும் எனக்கு நாக்கு நுனியில் வந்து நிற்கும். இப்போது அவள் கூப்பிட்டால் முதலில், "நான் கேட்டுக்கிட்டு இருக்கணுமா, எதாவது சொல்லணுமா?" என்று கேட்டுவிடுவேன். பாதி நாள் "கேளு போதும்" என்பாள். போன மாசம் அவளே, "நீ என்னாம்மா செஞ்சிருப்ப?" என்றாள். பதிலைச் சுருக்கமாகச் சொன்னேன். இரண்டே வாக்கியம்.

எல்லாம் பெண்களைப் பற்றியே சொல்கிறீர்கள். எங்கள் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றதிலிருந்து வாயே திறப்பதில்லை.

ஆண்களுக்கு இது இன்னும் சிரமம் என்றே நினைக்கிறேன். வேலையிடத்துச் சிநேகிதம் வேலையோடு போய்விடுகிறது, வீட்டில் அவர்களுக்கு என்று ஒரு மூலை கிடையாது. கோப்பிக் கடையில் ஒரு நாற்காலி, தமிழ்ப் பத்திரிகை, வீடு.

அவர்களைக் கூப்பிட்டு 'மனசுவிட்டுப் பேசுங்கள்' என்றால் பேசமாட்டார்கள். கைக்கு ஒரு வேலை கொடுத்துப் பக்கத்தில் இருந்தால் பேசுவார்கள். பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஓர் அண்ணன் எங்கள் பிளாக்கில் இருக்கிறார். 60இல் ஓய்வு. ஒரு வருடம் போல யாரோடும் பேச்சில்லை. கீழ்வீட்டுப் பையன் ஒருநாள் செயின் கழன்ற சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனபோது, "அங்கிள், மாட்டத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறான். இப்போது லிஃப்ட் பக்கம் ஒரு பழைய டின்னில் ஸ்பேனர், கிரீஸ், துணி எல்லாம் இருக்கிறது. சாயங்காலம் நாலைந்து பையன்கள் அவரைச் சுற்றி நிற்பார்கள். மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகளும் உண்டு. அவர் மனைவி சொல்கிறார், ராத்திரி சாப்பிடும்போது அன்றைக்கு வந்த பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்கிறாராம்.

பெயர் மறக்கிறது, சாவி மறக்கிறது. மூளை மழுங்கிக்கொண்டே போகிறதா?

வேகம் குறைகிறது, அது உண்மை. புதுக் கணக்கைச் சட்டென்று போடும் திறன் இளமையிலேயே உச்சம் தொட்டுவிடும். ஆனால் சேர்த்து வைத்த அறிவு என்று ஒன்று இருக்கிறது: சொல்வளம், மனிதரை எடைபோடுவது, எது எதோடு சேரும் என்ற பிடி. ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் இந்த இரண்டையும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டினார். இரண்டாவது 60ஐ ஒட்டியும் தாக்குப்பிடிக்கும். சாவி எங்கே வைத்தோம் என்று மறந்தால் பயப்பட வேண்டாம். சாவி எதற்கு என்றே மறந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

பணம் இல்லாமல் நோக்கத்தைப் பற்றி என்ன பேச்சு?

சரிதான். அதனால் சுருக்கமாக: 2013 ஜூலை முதல் தனியார் துறையிலும் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமநிதி, பணத்தை 55இல் முழுவதும் எடுக்கலாம், ஆனால் எடுத்தே ஆகவேண்டும் என்று சட்டமில்லை. 100 வயது வரை அங்கேயே விட்டு வைத்தாலும் லாப ஈவு வந்துகொண்டிருக்கும். 2024 மே முதல் 55க்குக் கீழ்ப்பட்டவர்களின் சேமிப்பு மூன்று கணக்காகப் பிரிகிறது: மாதாமாதம் சேருவதில் 75 விழுக்காடு ஓய்வுக்கு, 15 இடைத்தேவைக்கு, 10 எப்போது வேண்டுமானாலும் எடுக்க. அந்தப் பத்தைத் தொடாமல் விடப் பாருங்கள். என்னோடு வி.எஸ்.எஸ். வாங்கியவர்களில் பணத்தைச் சீக்கிரம் இழந்தவர்கள், மகன் வியாபாரத்துக்கும் தெரிந்தவர் சொன்ன 'முதலீட்டுக்கும்' மொத்தமாகக் கொடுத்தவர்கள். ஐம்பது வயதுக்காரியின் கையில் காசு இருப்பது எப்படித்தான் தெரியுமோ, தேடி வருவார்கள். அதுவும் கேள்விதான். அதற்கு இல்லை என்று சொல்லப் பழகுங்கள்.

கோயிலுக்குப் போனால் போதாதா?

பலருக்குப் போதும், எனக்கும் அது பெரிய ஆறுதல். தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. மலைமேல் புதுக் கோயில் 2012இல் குடமுழுக்குக் கண்ட பிறகு வந்த தைப்பூசத்தில் பால்குடம் எடுத்து ஒரே மூச்சில் ஏறினேன், யார் முகத்தையும் பார்க்கவில்லை. இப்போது முழங்கால் விடுவதில்லை, படி திரும்பும் இடத்தில் எல்லாம் நின்று நின்றுதான் ஏறுகிறேன். அப்படி நின்றபோதுதான் என்னைப் போலவே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தேன். இரண்டு வருடமாகத் தைப்பூசத்தன்று ஒரு திருப்பத்தில் தண்ணீர்ப் போத்தலோடு உட்கார்ந்துவிடுகிறேன். "இன்னும் எத்தனை படிம்மா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். எண்ணி வைத்திருக்கிறேன், சரியாகச் சொல்வேன்.

இந்த வயதில் படிக்கப் போனால் சிரிக்கமாட்டார்களா?

சிரிக்க அவர்களுக்கு நேரமில்லை. வேலை அனுபவத்தை மதிப்பிட்டுப் பட்டப்படிப்பில் சேர்க்கும் 'அப்பெல்' முறை மலேசியாவில் இருக்கிறது. பினாங்கிலேயே வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால் பட்டம் வாங்கினால் வெறுமை போய்விடும் என்று எண்ணிச் சேராதீர்கள். தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் சேருங்கள்.

செய்த தவறுகள் ராத்திரியில் வந்து நிற்கின்றன. எப்படி விடுவது?

சிலவற்றை விட முடியாது. அப்பா இறந்தபோது நான் நைட் ஷிஃப்டில் இருந்தேன். லீவு கேட்டிருக்கலாம், அலவன்ஸ் போய்விடுமே என்று கேட்கவில்லை. அது என்னோடுதான் இருக்கிறது. ஆனால் மேசையில் ஒரு தங்கச்சி, அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், லீவு கேட்கலாமா என்று தயங்கியபோது, இதை அவரிடம் சொன்னேன். உடனே கிளம்பிப் போனார். உயிரோடு இருப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

செத்துவிடலாம் போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால்?

தனியாக விடாதீர்கள். அறிவுரை வேண்டாம், கூடவே இருங்கள். சுகாதார அமைச்சின் 'ஹீல்' மனநல உதவி எண் 15555. ஆபத்து நெருக்கமாகத் தெரிந்தால் 999ஐக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் நேரே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்கே அப்படித் தோன்றினாலும் இதேதான். இதைப் படித்துக்கொண்டிருக்கும் இப்போதே.

மேசைக்கு வர என்ன வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். சந்தா இல்லை, பெயர்ப் பதிவு இல்லை. உங்கள் அடுக்குமாடியிலும் கீழ்த்தளத்தில் ஒரு மேசை இருக்கும். சனிக்கிழமை நாலு மணிக்கு அங்கே போய் உட்காருங்கள். முதல் இரண்டு வாரம் யாரும் வரமாட்டார்கள், எனக்கும் வரவில்லை. ஒரு மார்க்கர் பேனாவும், படிக்கிற கண்ணாடியும், ஃபிளாஸ்கில் தேத்தண்ணியும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வாரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி, பிளாஸ்டிக் பையோடு வருவார். "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு நாற்காலியை நகர்த்திப் போடுங்கள்.